சுமைதாங்கிக் கல்லும் சூல்கொண்ட பெண்ணும்

தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் நடந்து சென்றோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். சாலையோரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் நீண்டதொரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகின்ற வழிப்போக்கன் பிறர் துணையின்றித் தன் சுமையை அதன்மேல் இறக்கி வைத்துச் சற்றே இளைப்பாறுவான். பின்னர்த் தானே தூக்கிக்கொண்டு நடப்பான். அதற்குச் சுமைதாங்கிக் கல் என்று பெயர். அது நடப்பட்ட காரணத்தை இக்காலத்து இளைஞர் பலர் அறியார். கருவுற்ற பெண் ஒருத்தி பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு மாண்டுபோனால், இறக்கப்படாத அச்சுமையின் துன்பம் ஆறும்பொருட்டு, அவள் சுற்றத்தார் அவள் நினைவாக நட்டுவைத்த கல் அது.

இவ்வழக்கத்தில் நம் முன்னோரின் இரக்கம் விளங்குகின்றது. அதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கல்லின் முன் நின்று சிந்திப்போர்க்கு ஒரு கேள்வி எழாமற் போகாது. இறந்த பின் அவள் சுமையைத் தாங்குவதற்குக் கல்லை நட்டோம்; உயிரோடிருந்த நாளில் அச்சுமையைத் தாங்கியவர் யார்? அவள் விருப்பம் யாது என்று கேட்டவர் யார்?

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிற்கு வடக்கே, கம்போங் ராஜாவுக்குச் செல்லும் வழியில் உள்ள கோலா தெர்லாவில் வாழ்வோர்க்கு இக்கேள்வி அயலானதன்று. நம் பாட்டிமார் கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து, பிள்ளையை வயிற்றில் சுமந்து, இம்மலைச் சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள். வில்லியம் கேமரன் என்பார் 1885இல் அளந்து எழுதிய இம்மலைக்கு, தாப்பாவிலிருந்து வண்டிச்சாலை வந்து சேர்ந்தது 1930களின் தொடக்கத்திலேதான். 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டமும் அதனை அடுத்து வந்த பிற தோட்டங்களும் பெரும்பாலும் தமிழர் கைகளாலேயே காடு திருத்தி உண்டாக்கப்பட்டன. அந்நாளில் நள்ளிரவில் உதிரம் பெருகிய ஒரு பெண்ணுக்கு லயத்து மருத்துவச்சியே துணை. அவளுக்கும் மேற்பட்டவர் தோட்டத்து டிரெஸர். மலையை விட்டு இறங்குவதற்குள் உயிர் இறங்கிவிடும்.

இன்று நிலைமை அவ்வாறில்லை. தானா ராத்தாவில் ஆஸ்பத்திரி உண்டு. சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கும் நல்ல சாலையும் உண்டு. இன்றைய இடர் வேறு வகையானது. முன்னே தெரியாமல் வந்த சாவு, இன்று முன்கூட்டியே அறிவிக்கப்படும் ஆபத்தாகிவிட்டது. “அம்மா, உமது இருதயம் இப்பிள்ளைப் பேற்றைத் தாங்காது, கருவைக் கலைப்பதே உமக்குப் பாதுகாப்பு” என்று டாக்டர் சொல்கின்றார். “எது வந்தாலும் வரட்டும், நான் பெற்றெடுப்பேன்” என்று அவள் சொல்கின்றாள். இவ்விடத்தில் எவர் சொல் நிற்க வேண்டும்? அவள் சொல்லா, டாக்டரின் சொல்லா, கணவன் சொல்லா, சர்க்காரின் சொல்லா? இக்கேள்விக்கு உலகம் எவ்வாறு விடை தேடிவந்தது என்பதை வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

முதலில் ஆபத்து என்னவென்று அறிவோம். பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம்மவர் வாய்மொழி. அஃது அலங்காரமாகச் சொல்லப்பட்டதன்று. கண்ட அநுபவத்தைச் சொன்னதே. கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி பெருகுகின்றது. நல்ல இருதயம் அதனை எளிதில் தாங்கும். குழந்தைப் பருவத்தில் வாதக் காய்ச்சல் கண்டு, இருதயத்தின் வால்வு சுருங்கிப்போனவளுக்கோ அதுவே பெரும்பாரம். பிள்ளை பிறந்த உடனே கருப்பை சுருங்க, அங்கிருந்த இரத்தம் ஒருசேர இருதயத்தை நோக்கித் திரும்பும் வேளை மிகவும் கொடியது. நுரையீரலுக்குச் செல்லும் குழாய்களில் இரத்த அழுத்தம் மிக்கிருக்கும் நோயுடையோர்க்குக் கர்ப்பமே வேண்டாமென்று வைத்தியர் எச்சரிக்கின்றனர். பிரசவத்துக்குப் பின் பெருகும் உதிரம், இரத்த அழுத்தம் ஏறி வருகின்ற சூல்வலிப்பு, கிருமி பற்றிய காய்ச்சல் ஆகியன மற்றப் பெரும் பகைவர்கள்.

இப்பகைவரை மனித அறிவு ஒவ்வொன்றாக வென்ற கதை பெருமைக்குரியது. 1847இல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிணத்தை அறுத்த கையைக் கழுவாமல் பிரசவம் பார்க்க வருவதாலேயே தாய்மார் காய்ச்சலில் மடிகின்றனர் என்று கண்டு, கை கழுவும் வழக்கத்தைப் புகுத்தினார். சாவு மளமளவெனக் குறைந்தது. ஆயினும் அவர் காலத்தவர் பலர் அவரை ஏளனம் செய்தனர். 1930களில் சல்பா மருந்துகளும், அதற்கடுத்த பத்தாண்டில் பெனிசிலினும், இரத்தம் ஏற்றும் முறையும் வந்த பின்னரே தாய்மார் சாவு பெருமளவில் அடங்கிற்று.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சென்னை எழும்பூரில் இன்றும் விளங்கும் பெண்கள் ஆஸ்பத்திரியின் தொடக்கம் 1844ஆம் ஆண்டு. இருந்தும் ஆண் டாக்டரிடம் செல்ல ஒப்பாத வீட்டுப் பெண்கள் அறைக்குள்ளேயே மடிந்தனர். வக்கீல் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது இதனைக் கண்டு மனம் பொறாமல், 1875இல் சென்னை வைத்தியக் கல்லூரியிலேயே சேர்ந்து படித்தார். பின் இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் கோஷாப் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி தோன்றக் காரணமானார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபாய் காந்தி பெயரால் இன்று விளங்குவது அதுவே.

வேலூர்க் கதையை நம்மில் பலர் கேட்டிருப்பர். பாதிரி டாக்டர் ஒருவரின் மகளாகிய ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு அழைத்தனர். “எனக்கு வைத்தியம் தெரியாது, என் தந்தையார் டாக்டர், அவரை அழைத்துச் செல்லுங்கள்” என்றார் அப்பெண். அயல் ஆடவன் தம் மனைவியரைத் தொடலாகாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த அதிர்ச்சியே ஐடாவை வைத்தியம் படிக்கச் செய்தது. அவர் 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளியும் நிறுவினார்.

இக்கதையைச் சொல்வோர் அனைவரும் ஐடா அம்மையாரின் தொண்டை வியந்து முடிப்பார்கள். நாம் வேறோர் இடத்தில் நின்று பார்க்க விழைகின்றோம். அவ்விரவில் வைத்தியத்தை மறுத்தவர் யார்? மூன்று கணவன்மார். அம்மறுப்பின் விலையைக் கொடுத்தவர் யார்? மூன்று மனைவியர். கதை முழுவதிலும் அப்பெண்களின் வாய்ச்சொல் ஒன்றேனும் இல்லை. அறையில் கிடந்து துடித்தவளிடம் “டாக்டர் வரலாமா?” என்று கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. ஒருத்தியின் உயிரைப் பற்றிய முடிவை அவளை நீக்கி மற்றவர் யாவரும் சேர்ந்து செய்வது, நம் சமூகத்தின் பழைய நோய். மறுப்பு என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், மறுத்தது அவளா, அவள் பெயரால் பிறரா என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்பதே இக்கதையிலிருந்து நாம் கற்கும் பாடம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். மெக்காலே வகுத்த வரைவைத் தழுவி 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், பெண்ணின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தாலன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே என்றது. அச்சட்டத்தையே மாதிரியாகக் கொண்டு நீரிணைக் குடியேற்றங்களிலும், பின்னர் மலாய் நாடுகளிலும், 1883இல் இலங்கையிலும் சட்டங்கள் எழுந்தன. ஆயினும் அப்பழைய சட்டத்திலேயே ஒரு நுட்பம் உண்டு. பெண்ணின் சம்மதமின்றி அவள் கருவைக் கலைப்பவனுக்கு அது தனியானதும் மிகக் கடியதுமான தண்டனையை விதித்தது. அவள் ஒப்புதல் என்பது ஒரு பொருட்டு என்று ஓரத்திலாவது எழுதிவைத்தனர்.

பிறகு காற்று மாறிற்று. 1938இல் இலண்டனில், பலாத்காரத்துக்கு ஆளான 14 வயதுச் சிறுமியின் கருவைக் கலைத்த டாக்டர் அலெக் போர்ன் தாமே போலீசாருக்கு அறிவித்து வழக்கைச் சந்தித்தார்; விடுதலையும் பெற்றார். பெண்ணின் உடலும் மனமும் சிதைந்துபோவதைத் தடுப்பதும் அவள் உயிரைக் காப்பதில் அடங்கும் என்ற கருத்து அவ்வழக்கால் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் 1967இலும், சிங்கப்பூரில் 1969இலும், இந்தியாவில் 1971இலும் புதுச்சட்டங்கள் பிறந்தன. நம் மலேசியாவில் 1989இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. கர்ப்பம் தொடர்வதால் பெண்ணின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ வரும் ஆபத்து, கலைப்பதால் வருவதைவிடப் பெரிதென்று பதிவுபெற்ற டாக்டர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் கர்ப்பத்தைக் கலைப்பது குற்றமாகாது. தோட்டத்தில் நம்மவர் பலர் இதனை இன்னும் அறியார். எந்நிலையிலும் இது சட்டவிரோதமே என்று அஞ்சி, கள்ள வைத்தியரை நாடி உயிரிழப்போரும் உண்டு. ஆதலின் இதனை இங்கே அழுத்திச் சொல்கின்றோம்.

கலைக்க வழி திறந்த பின்னர், மறுக்கின்றவளின் கேள்வி முன்னே வந்து நிற்கின்றது. சட்டம் அநுமதிப்பதாலேயே ஒன்று கட்டாயமாகிவிடுமா?

இதற்கு இந்தியாவில் 2009ஆம் ஆண்டு ஒரு வழக்கு விடை கூறியது. சண்டிகாரில் சர்க்கார் காப்பகமொன்றில் இருந்த ஆதரவற்ற பெண் ஒருத்தி, அறிவு வளர்ச்சி குன்றியவள், பலாத்காரத்தால் கருவுற்றாள். அவளால் பிள்ளையை வளர்க்க இயலாது, கலைப்பதே அவளுக்கு நலம் என்று நிர்வாகத்தார் எண்ணினர். நிபுணர் குழுவொன்று அவளைச் சந்தித்துப் பேசியபோது, அவள் பிள்ளையைப் பெற விரும்புவது தெரிந்தது. அதன் பின்னும் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் கலைக்கவே உத்தரவிட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன், நம் தமிழராகிய நீதிபதி ப. சதாசிவம், நீதிபதி பி. எஸ். சௌகான் ஆகிய மூவரும் அவ்வுத்தரவைத் தள்ளினர். கருவுற்ற பெண்ணின் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கலாகாது. பெறுவதும் பெறாதிருப்பதும் அவளது சொந்தச் சுதந்தரத்தின் பகுதி. அறிவு வளர்ச்சி சற்றுக் குன்றியவள் என்பதனால் அவள் சொல் சொல்லாகாமற் போகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கு என்று அது வழங்கப்பெறுகின்றது.

அமெரிக்க நாட்டில் 1987இல் நிகழ்ந்தது இதனினும் துயரமானது. ஆஞ்செலா கார்டர் என்னும் பெண் புற்றுநோயால் சாவின் வாயிலில் இருந்தாள்; வயிற்றில் 26 வாரத்துச் சிசு. சிசுவைக் காப்பாற்றும் நோக்கத்தோடு, அவள் தெளிவான ஒப்புதல் இல்லாமலே, அறுத்தெடுக்க வாஷிங்டன் நீதிமன்றம் ஆணையிட்டது. சிசு சில மணி நேரத்தில் இறந்தது; தாய் இரண்டு நாளில் இறந்தாள். 1990இல் மேல்நீதிமன்றம் அவ்வாணை தவறென்று தீர்ப்பளித்தது. இருவரும் போன பின் வந்த நீதி அது. ஆயினும் பின்வருவோர்க்கு அரண்.

மறுபுறத்தையும் காண்போம். கருநாடகத்திலிருந்து அயர்லாந்துக்குச் சென்று வாழ்ந்த பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவர் 2012இல் கரு சிதையத் தொடங்கிய நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கருவைக் கலைக்குமாறு அவர் கேட்டார். சிசுவின் இருதயத் துடிப்பு இருக்கும்வரை சட்டம் இடங்கொடாது என்று மறுக்கப்பட்டது. இரத்தத்தில் கிருமி பரவி அவர் மாண்டார். அவர் மரணம் அந்நாட்டு மக்களின் மனத்தை உலுக்கியது. 2018இல் பொதுவாக்கெடுப்பின் மூலம் அம்மக்கள் தம் அரசியல் சட்டத்திலிருந்த தடையை நீக்கினர்.

சண்டிகார்ப் பெண் வேண்டாமென்றாள், சவிதா வேண்டுமென்றார். மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்கு இவை எதிரெதிரான வழக்குகள். ஆழ்ந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் பெண் பேசினாள். இரண்டிலும் அதிகாரம் கேளாதிருந்தது. சவிதாவின் உரிமைக்காகக் குரல் கொடுப்பவர், அபாயத்தை அறிந்தும் பிள்ளையைப் பெற விழைகின்றவளின் உரிமையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அங்ஙனமாயின், மறுப்பவளைப் போற்றிப் பாடிவிட்டுக் கைகட்டி நிற்பதோ? இங்கேதான் நாம் சமூகத்தை எச்சரிக்க வேண்டியிருக்கின்றது. இத்தாலி நாட்டில் ஜியான்னா மொல்லா என்னும் குழந்தை வைத்தியர், 1961இல் தம் நான்காம் பிள்ளையைச் சுமந்திருந்தபோது கருப்பையில் கட்டி கண்டது. கருவைக் கலைக்கவும், கருப்பையை எடுக்கவும் மறுத்து, கட்டியை மட்டும் நீக்கச் சம்மதித்தார். 1962 ஏப்ரல் 21இல் பெண்மகவு பிறந்தது. ஏழாம் நாள் தாய் கிருமிக் காய்ச்சலால் உயிர் நீத்தார். 2004இல் அவரது சமயத்தார் அவரைப் புனிதராக அறிவித்தனர். அவர் தாமே வைத்தியர். ஆபத்தின் அளவை அறிந்தவர். அறிந்தே முடிவு செய்தவர். அம்முடிவின்முன் நாம் தலைவணங்குகின்றோம். ஆனால் ஒருத்தி மனமொப்பிச் செய்த தியாகத்தை எல்லாப் பெண்களின் தலையிலும் கடமையாகச் சுமத்துவது அநீதி. தியாகம் என்னும் மாலை, சூட்டுகின்ற கை பிறருடையதாயின், சுருக்குக் கயிறாகிவிடும்.

நம் குடும்பங்களைச் சற்றே உள்ளே நோக்குவோம். டாக்டர் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஐந்து நிமிஷம் விளக்குகின்றார். உடன் சென்ற கணவனோ மாமியாரோ “ஒன்றுமில்லை, ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார்” என்று ஒரு வரியில் தமிழாக்கி முடிக்கின்றனர். “முதல் இரண்டும் பெண், இதுவாவது ஆணாகப் பிறக்கும்” என்னும் ஆசை ஒருபுறம், “கலைத்தால் பாவம்” என்னும் அச்சம் ஒருபுறம், “ஊர் என்ன சொல்லும்” என்னும் கூச்சம் ஒருபுறம். இவற்றின் நடுவே அவள் “பெறுகின்றேன்” என்றால், அச்சொல் அவளுடையது என்று எவ்வாறு துணிவது? முழு உண்மையைத் தன் தாய்மொழியில் கேட்டு, தனித்திருந்து சிந்தித்து, அஞ்சாமல் சொல்லுகின்ற சொல்லே சம்மதம். அவ்வாறு சொல்லுகின்ற மறுப்பே மறுப்பு. கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையின் வழியாகக் கண்டு, பெரியார் தமது “குடி அரசு” இதழில் எழுதி வந்ததும் இக்காரணம் பற்றியே: பெறும் முடிவு பெண்ணுடையதாதல் வேண்டும்.

இன்னும் ஒன்று. மறுத்தவளைக் கைவிடும் உரிமை எவர்க்கும் இல்லை. “சொன்னேன், கேட்கவில்லை, இனி உன் பாடு” என்று டாக்டர் சொல்வது தொழில் தர்மம் அன்று, குடும்பம் சொல்வது மனிதத்தன்மை அன்று. அவள் முடிவு செய்த நாளிலிருந்து கவனிப்பு இரட்டிப்பாதல் வேண்டும். இடையிலே நோய் முற்றி அவள் மனம் மாறினால், அம்மாற்றத்தையும் பழிக்காமல் ஏற்றல் வேண்டும்.

கூட்டு முயற்சியால் எவ்வளவு செய்யக்கூடும் என்பதற்கு இந்நாடே சான்று. 1957இல், உயிரோடு பிறந்த ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் மாண்டனர். 2010களில் அது 30க்கும் கீழே வந்தது. கிராமந்தோறும் சுகாதார நிலையங்கள், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், கர்ப்பிணியின் அட்டையில் அபாயத்தின் தரத்தை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் குறிக்கும் முறை, 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் எவரையும் தண்டிக்கும் நோக்கமின்றி ஆராயும் இரகசிய விசாரணை ஆகியன இதற்குத் துணை நின்றன. 1955ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் தந்த 60 நாள் பிரசவ விடுமுறை, 2023 ஜனவரி முதல் 98 நாளாகியிருக்கின்றது. விதி என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி, சாலையும் இரத்தமும் தாதியும் இல்லாமையே என்று இவ்வெண்கள் உரைக்கின்றன.

ஆகவே கோலா தெர்லாவிலும், தானா ராத்தாவிலும், நகரங்களிலும் வாழும் நம் சகோதரர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. கர்ப்பிணியின் அட்டையில் சிவப்புக் குறி கண்டால் அதனை மறைக்காதீர்கள், தாமதியாதீர்கள். டாக்டர் சொல்வதனைத்தையும் அவளே தமிழில் கேட்கும்படி, படித்த தோழி ஒருத்தியை உடன் அனுப்புங்கள். கலைப்பதென்று அவள் முடிவு செய்தால் பழி தூற்றாதீர்கள்; பெறுவதென்று முடிவு செய்தால் தனியே விடாதீர்கள். இரத்தம் கொடுக்க நான்கு இளைஞரும், இரவில் வண்டியோட்ட ஒருவரும், மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அத்தையும் ஆயத்தமாய் இருக்கட்டும்.

நம் முன்னோர் இறந்தவளுக்காகக் கல்லை நட்டு, முன்பின் அறியாத வழிப்போக்கனின் சுமையைத் தாங்கினார்கள். நாம் உயிரோடிருப்பவளின் அருகில் நின்று, அவள் சொல்லைக் கேட்டு, அவள் சுமையில் ஒரு பங்கை ஏற்போமாக. மலைப்பாதையில் இனியொரு சுமைதாங்கிக் கல்லுக்கு வேலை இல்லாமற் போகட்டும்.